மாசாணிக்கு ஒரு தூக்கு நல்லெண்ணெய்

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு இந்த வருஷம் இரண்டு தடவை போய் வந்தாயிற்று. முதல் தடவை போனது வயிற்றெரிச்சலில்.

எங்கள் தெருவில் சீட்டு நடத்தின அம்மணி, என் அம்மாவை வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டவர், ஒரு நாள் விடிவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கச்சி கல்யாணத்துக்கு என்று 6 வருஷமாகக் கட்டிய பணம். மனு கொடுத்தோம், ரசீது வந்தது, அது பீரோவில் மடித்தபடியே கிடக்கிறது. சாமி என்று ஒன்று இருந்தால் இப்படி நடக்குமா என்று நான் கத்தினேன். அம்மா அதற்குப் பதிலே சொல்லவில்லை. "செவ்வாக்கெழமை லீவு போடு கண்ணு, மாசாணிகிட்டப் போலாம்" என்றாள்.

தாராபுரத்தில் விடியற்காலை பஸ் ஏறி, பொள்ளாச்சியில் மாறி, இறங்கும்போதே கூட்டம். செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். வெளியே ஒருத்தர் "சீக்கிரமா உள்ளே விடறேன், 500 குடுங்க" என்று பின்னாடியே வந்தார். மிளகாய்ப் பொட்டலம் விற்றவர் சொன்ன விலைக்கு எங்கள் ஊர் சந்தையில் அரைக் கிலோ வாங்கலாம். நியாயம் கேட்டு வருகிற இடத்தின் வாசலிலேயே இந்தக் கதை!

வரிசையில் நிற்கும்போது நன்னன் என்ற அரசனின் கதைதான் மனதில் ஓடியது. ஆற்றில் மிதந்து வந்த ஒரு மாங்காயைத் தின்றதற்காக ஒரு பெண்ணைக் கொன்றான். 81 யானையும் அவள் எடைக்கு எடை பொன்பாவையும் தருகிறோம் என்று கெஞ்சியும் விடவில்லை. குறுந்தொகையில் பரணர் பாடியிருக்கிறார். அந்தப் பெண்தான் இங்கே மாசாணியாகப் படுத்திருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவளுக்கே நியாயம் கிடைக்கவில்லை, நமக்கு எங்கே வாங்கித் தரப்போகிறாள் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்வானேன்.

தெற்கே தலை வைத்து மல்லாந்து படுத்திருக்கிறாள் ஆத்தா. மற்ற கோயிலில் நின்ற சாமியையும் உட்கார்ந்த சாமியையும் அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம். இங்கே குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது, வீட்டில் காய்ச்சலில் கிடக்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி. தள்ளு தள்ளு என்று பின்னால் இடிக்கிறார்கள், கேட்க வந்தது எல்லாம் மறந்துபோய் "ஆத்தா" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது.

அப்புறம் மிளகாய். நியாயம் கேட்டு வருகிறவர்கள் மிளகாயை அரைத்து இங்கே உள்ள நீதிக்கல்லில் பூசுவது வழக்கம். அம்மாவுக்குத் தோள்பட்டை வலி, இருந்தாலும் குழவியை என்னிடம் தரவில்லை. தும்மல், இருமல், கண்ணில் தண்ணீர், அழுகிறாளா காரமா என்றே தெரியவில்லை. அரைத்ததை வழித்து நீதிக்கல்லில் பூசினாள். அந்தக் கல் முழுக்கச் சிவப்பு, ஒருத்தர் பூசினதன் மேல் இன்னொருத்தர், எத்தனை பேருடைய எரிச்சலோ! ஊர் வந்து சேரும்வரை அம்மா இரண்டு கையையும் மடியில் விரித்தே வைத்திருந்தாள். டிக்கெட் காசைக்கூட நான்தான் அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மிளகாய் பூசினால் 90 நாளில் நியாயம் கிடைக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். 90 நாளும் போனது, பணம் வரவில்லை. காரியம் முடிந்தவர்கள்தான் ஆத்தாவுக்கு எண்ணெய் சாத்துகிற எண்ணெய்க்காப்புக்குப் போவார்கள். ஆனால் அம்மா ஒரு தூக்கு நல்லெண்ணெயோடு கிளம்பி நிற்கிறாள். "நமக்குத்தான் ஒண்ணும் நடக்கலியேம்மா?"

"அவ குடுக்கறப்ப குடுக்கட்டும். நம்ம பூசுன மொளகா அவளுக்கு எரியுமல்ல?"

நான் வாயைத் திறக்கவில்லை. தூக்கை வாங்கிக்கொண்டேன். அன்றைக்கும் நல்ல கூட்டம், 3 மணி நேரம் நின்றோம், கால் வலித்ததே தெரியவில்லை. தாயே மாசாணி, என் அம்மாவை எனக்கு அம்மாவாகக் கொடுத்தாயே, அதற்கே உனக்கு எத்தனை தூக்கு ஊற்றினாலும் தகும். எண்ணெய் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அம்மா வெறும் தூக்கைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த இரண்டு சொட்டைத் தன் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள்.