இடையன்குடி வரை ஒரு மா

சித்திரை வெயில் ஏற ஆரம்பித்திருந்த காலை. பாளையங்கோட்டை வீட்டு அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, அரங்குல மா இருக்கும், கொஞ்சம் எடுத்துட்டு வா."

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணன் மகள் ஓடிப்போய் இரண்டு மாம்பழங்களோடு திரும்பினாள். இரண்டும் நன்றாகப் பழுத்தவை. அவள் மேல் தப்பே இல்லை. பள்ளிக்கூடத் தமிழில் மா, பலா, வாழை என்றுதான் படித்திருக்கிறாள். அரங்கில், அதாவது சாமான் வைக்கும் உள்ளறையில், வைக்கோல் பரப்பி மாம்பழம் அடுக்கியிருந்ததும் உண்மை.

"நான் மா கேட்டா இவ பழத்தத் தூக்கிட்டு வாரா. இடியாப்பத்துக்கு மா வேணும்ட்டி!"

அம்மா பன்னிரண்டு வயது வரை கொழும்பில் வளர்ந்தவள். தாத்தாவுக்கு அங்கே கடை இருந்தது. அந்தக் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொழும்பு, பக்கத்து ஊர் மாதிரிதான். எங்கள் கல்யாண வீடுகளில் மறுநாள் விருந்துக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பான சொதியே அந்தப் போக்குவரத்தில் வந்ததாகச் சொல்வார்கள். இலங்கைத் தமிழில் அரிசி மா, கோதுமை மா என்பதுதான் பேச்சு, 'மாவு' கிடையாது. எழுபது வருடம் கழித்தும் அம்மா வாயில் அந்த 'வு' ஒட்டவில்லை.

பிள்ளை பழத்தைத் திரும்ப வைத்துவிட்டு வந்து, "சித்தப்பா, சைனீஸ்ல மான்னா குதிரை தெரியுமா?" என்றாள்.

அப்புறம் வரிசையாகச் சொல்லிக் காட்டினாள். குரலை மேலே நிறுத்தி இழுத்தால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். பள்ளத்தில் இறங்கி ஏறினால் குதிரை. வெட்டி இறக்கினால் திட்டு. எதுவும் செய்யாமல் வாக்கியத்தின் கடைசியில் லேசாக விட்டால் கேள்வி. 'அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?' என்று கேட்க ஏறக்குறைய மா மா மா என்றே சொல்லிவிடலாமாம். வகுப்பில் சீனத் தோழிகள் இதைச் சொல்லச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

அம்மா இடியாப்ப உரலைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "அப்போ பெத்தவளும் குதிரையும் ஒண்ணா அவங்களுக்கு?"

"இல்ல ஆச்சி, ராகம் மாறினா அர்த்தம் மாறிடும்."

"ராகம் தப்பினா?"

"அடி விழும்."

அன்றைக்கு இடையன்குடி போவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வாழ்ந்த ஊர். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் நான் போனதில்லை. உள்ளூர்க்காரனுக்கு உள்ளூர் எப்போதும் அடுத்த வாரம்தானே. அண்ணனின் காரை எடுத்துக்கொண்டு, இடியாப்பம், சொதி எல்லாம் முடித்துப் புறப்படும்போது மணி ஒன்பது.

வழி முழுக்க 'மா'தான் பேச்சு. வேலை நிமித்தம் பல நாட்டுக்காரர்களோடு போனில் மாரடிப்பவன் நான், என்னிடமும் சரக்கு இருந்தது. இத்தாலியக்காரர் ஒருவர் நாங்கள் என்ன சொன்னாலும் "மா... மா..." என்று ஆரம்பிப்பார். முதல் வாரம், பாவம் அம்மா ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது 'ஆனால்' என்று பிறகுதான் புரிந்தது. வேடிக்கை, வியட்நாமியத்திலும் குரலை இறக்கிச் சொல்லும் மா 'ஆனால்'தான். அந்த மொழியில் ஆறு ராகம். பேய், தெற்கே அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஆறும் ஆறு பொருள். நாற்றங்காலுக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் தொண்டையின் ஒரு சுழிப்புதான். தாய்லாந்தில் வா என்றாலும் மா, குதிரையும் மா, நாயும் மா. குதிரை வந்தது, நாய் வந்தது என்பதை 'மா மா, மா மா' என்று சொல்லி முடித்துவிடலாம். ஹங்கேரியனில் இன்றைக்கு. பிரெஞ்சில் என்னுடைய, அதுவும் பெண்பால் பொருளென்றால் மட்டும். அரபியில் என்ன, இல்லை இரண்டும். ஜப்பானியரின் மா இரண்டுக்கு நடுவே விடுகிற இடைவெளி, மௌனம். நியூசிலாந்து மாவோரிகளுக்கு வெள்ளை. கொரியாவில் ஒரு கிழங்கு. சுமேரியர் களிமண் பலகையில் எழுதி வைத்த மா, படகு.

குறிலையும் நெடிலையும் கலந்து கட்டித்தான் சொல்கிறேன். காரில் போகும்போது இலக்கணம் பார்க்க முடியாது.

நாங்குநேரியில் நாற்கரச் சாலையை விட்டு இறங்கினோம். இங்கே பெருமாள் பெயரிலேயே ஒரு மா உட்கார்ந்திருக்கிறது: வானமாமலை. தினமும் எண்ணெய்க்காப்பு நடக்கும் கோயில். அந்த எண்ணெயை ஊற்றி வைக்கிற கிணறு ஒன்று பிரகாரத்தில் உண்டு. எட்டிப் பார்த்தால் கறுத்துத் தெரியும். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மாமலையின் மாவுக்குப் பெரிய என்று பொருள் சொன்னேன். மாநகராட்சியில் இருக்கிற அதே மா. "அப்போ மாமா பெரிய ஆளா?" என்றாள். என் மச்சான்களை நினைத்துப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஆனால் ஜார்ஜியா நாட்டில் 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்கு அங்கே 'தேதா'. சீனத்தில் மாமா அம்மா, நமக்குத் தாய்மாமன். சொந்த பந்தமெல்லாம் தாறுமாறாகிவிடும். குழந்தை வாயில் ம, ப, அ இவைதான் முதலில் வரும். பால் குடிக்கும்போது உதடு மூடியிருக்க, மூக்கு வழியாக வரும் முனகலே 'ம'. அந்த முனகலைக் கேட்டு, என்னைத்தான் கூப்பிடுகிறது என்று பக்கத்தில் நிற்கிறவர் பெயர் வாங்கிக்கொள்கிறார். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலார் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பெரும்பாலும் நிற்பது அம்மா. ஜார்ஜியாவில் அப்பா முந்திக்கொண்டார் போலிருக்கிறது.

தமிழ் மாவுக்கே வருவோம். நன்னூல் ஓரெழுத்துச் சொற்களைக் கணக்கெடுத்து 42 என்கிறது. 'உயிர் மவில் ஆறும்' என்று தொடங்கும் நூற்பா. ம வரிசையில் மா, மீ, மூ, மே, மை, மோ என்று ஆறு. அந்த ஆறில் இந்த மா ஒன்றுக்கே மரம், அரைத்த பொடி, விலங்கு, குதிரை, பெரியது, கறுப்பு, திருமகள் என்று இத்தனை சுமை. 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்கிற தொல்காப்பிய மா விலங்கு. செய்யுள் படித்தவர்களுக்குத் தேமா, புளிமா தெரியும். இனிப்பு மாங்காயும் புளிப்பு மாங்காயும் யாப்பிலக்கணத்துக்குள் வந்து உட்கார்ந்த அழகு. இதெல்லாம் போதாதென்று இருபதில் ஒரு பங்கும் மா. எண்பதில் ஒரு பங்கு காணி. இரண்டையும் கூட்டினால் மாகாணி, பதினாறில் ஒன்று. நிலத்திலும் அப்படியே, இருபது மா ஒரு வேலி. ஆனால் மா கணக்கு தஞ்சாவூர்க்காரர்கள் பேச்சு. எங்கள் தாத்தாமார் வயலைக் கோட்டை விதைப்பாட்டில்தான், எத்தனை கோட்டை விதை பிடிக்கும் என்றுதான், சொன்னார்கள்.

இட்டமொழி என்று பெயர்ப்பலகை வந்தது. "இஷ்டமான லாங்குவேஜா சித்தப்பா?" என்றாள். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி என்றே ஒரு செம்மணல் மேடு இருக்கிறது என்றதும் சீட்டிலேயே குதித்தாள். குதிரை மொழி! மா மொழி!

திசையன்விளையைத் தாண்டியதும் மண் சிவந்துவிட்டது. பனை, பனை, நடுவில் காற்றாலை. போட்டோ எடுப்போம் என்று காரைச் சாலையோரத் தேரி மணலில் இறக்கியது என் புத்திசாலித்தனம். பின்சக்கரம் கால்வாசி புதைந்தது. முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. வழியில் வந்த பனையேறி ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "மெதுவா, மெதுவா... முறுக்காதியும் வே" என்று சொல்லிக்கொண்டே நாலு காய்ந்த ஓலையைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார். ஒரே தள்ளு. வண்டி மேலே வந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "அங்கன விடிலில என் பொண்டாட்டி பதனி விக்கா, திரும்பும்போது குடிச்சிட்டுப் போங்க" என்றார். விடிலி என்றால் பனையேறிகள் பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசை.

இடையன்குடி அமைதியான ஊர். நேரான தெருக்கள், வேப்பமரங்கள், நடுவில் உயர்ந்து நிற்கிற கூர்வளைவு சன்னல்கள் வைத்த தேவாலயம். 1847-இல் தொடங்கி 1880-இல் திறந்திருக்கிறார்கள். முப்பத்து மூன்று வருட வேலை. அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல் 1838-இல் சென்னைக்குக் கப்பலில் வந்தார். அங்கிருந்து பெரும்பாலும் நடந்தே தெற்கே வந்து, 1841-இல் இந்த மணல்காட்டில் தங்கியவர் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். 1891-இல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் குடியிருந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். ஓட்டு வீடு, உள்ளே நல்ல குளிர்ச்சி.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் தனிக் குடும்பம் என்பதை 1816-லேயே சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிவிட்டார். அதை விரித்து, ஆதாரம் அடுக்கி நிறுவியது கால்டுவெல்.

பிள்ளை அங்கே கேட்ட கேள்விதான் அன்றைய நாளின் கேள்வி. "தமிழ்லயும் மான்னா குதிரை, சைனீஸ்லயும் குதிரை. அப்போ ரெண்டும் சொந்தமா?"

இதே வலையில் ஒரு காலத்தில் நானும் விழுந்திருக்கிறேன். ஃபின்லாந்து மொழியில் மா என்றால் நிலம், நாடு. நம் நில அளவும் மா. எஸ்தோனியனிலும் நிலம் மா, குறிலாக்கினால் நான். இதை முதலில் கண்டபோது எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். கால்டுவெல்லே ஃபின்னிஷ், ஹங்கேரியன், துருக்கி வகை மொழிகளையெல்லாம் 'சித்தியம்' என்று ஒரே கூரையின் கீழ் வைத்து, நம் மொழிகளுக்கு அங்கே உறவு தேடினார். அந்தப் பகுதியை இன்றைய மொழியியலார் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. அவருக்கே அப்படியென்றால் எனக்கு என்ன வெட்கம்.

நம் நில அளவு மா, இருபதில் ஒன்று என்ற பின்னத்திலிருந்து வந்தது. மண்ணைக் குறித்த சொல் இல்லை. சீனக் குதிரையோ பழைய காலத்தில் வெறும் மா இல்லை, நடுவில் ஒரு ர ஓடியது என்கிறார்கள். அதன் உறவுக்கார மொழியான பர்மியத்தில் குதிரைக்கு இன்றும் அந்த ரகரத்தை எழுதுகிறார்கள். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் நெருங்க வேண்டும். இங்கே விலகிப் போகின்றன.

"அப்போ சொந்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நினைவு இல்லத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். நம் செவி கன்னடத்தில் கிவி. நம் சேரி அங்கே கேரி. நம் செம்மை அங்கே கெம்பு. பார்க்க ஒரே மாதிரி இல்லை. ஆனால் இப்படிப் பல சொற்களில் நாம் ச போடுகிற இடத்தில் அவர்கள் க போடுகிறார்கள். உறவுக்காரன் வித்தியாசமாக இருப்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கும். மூஞ்சி மட்டும் ஒத்துப்போகிறவன் சந்தையில் தற்செயலாகப் பார்த்தவன். அதிலும் ம்-மையும் ஆ-வையும் சேர்த்து எந்த ஊர்க்காரன்தான் ஒரு சொல் செய்யாமல் விடுவான்? சீனத்தில் ராகத்தை விட்டுவிட்டால் மொத்தமே சுமார் நானூறு அசைகள்தான். சொற்கள் அத்தனையையும் அந்தக் கையிருப்புக்குள்ளேயே சமாளிக்க வேண்டும்.

அவளுக்கு லேசாக ஏமாற்றம். குதிரை சொந்தமாகியிருந்தால் தோழிகளிடம் சொல்லியிருப்பாள்.

திரும்பும் வழியில் அந்த விடிலியைத் தேடிப் பிடித்தோம். அந்த அம்மாள் பனையோலையை மடித்துப் பட்டை கட்டி, பானையிலிருந்து பதனியை ஊற்றப் போகுமுன் கேட்டார்: "மாங்கா போடட்டுமா தாயி?"

பச்சை மாங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருந்தார். இந்தப் பக்கத்துப் பழக்கம் இது. தித்திப்புக்குள் திடீரென்று ஒரு புளிப்பு பல்லில் மாட்டும். பிள்ளை இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து, மூக்கில் ஒழுக ஒழுகக் குடித்தாள்.

"மாங்காய்க்குச் சீனத்தில் என்ன?" என்றேன்.

"மாங்க்குவோ" என்றவள் நிறுத்தினாள். பட்டைக்குள் பார்த்தாள்.

அதுதான். குதிரையும் நிலமும் தற்செயல், இது இல்லை. மலையாளக் கரையில் மாங்ங என்று கேட்டதைப் போர்ச்சுக்கீசியர் மங்கா என்று கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. ஹங்கேரியனில், ஃபின்னிஷில், எஸ்தோனியனில், இத்தாலியனில், ஜப்பானியத்தில், நாங்கள் காலையிலிருந்து மா மா என்று சுற்றிவந்த பாதி ஊர்களில், கடையில் போய் மாம்பழம் கேட்டால் அந்தச் சொல்லின் தலையில் இந்த மாதான் இருக்கிறது. தாய்லாந்தும் வியட்நாமும் தங்கள் சொந்தப் பெயரிலேயே நின்றுவிட்டன.

அவள் வாயில் மாங்காயோடு தோழிக்கு வாட்சப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி அந்த அம்மாளிடம் திரும்பி, "இன்னொரு பட்டை. மாங்கா நிறைய" என்றாள்.