வைரஸும் தன்னுண்ணலும்: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 4

செல்லுக்குள் பழுதான நுண்ணுறுப்புகளையும் புரதக் குப்பையையும் இரட்டைச் சவ்வுப் பைக்குள் அடைத்து, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரிக்கும் தன்னுண்ணல் (ஆட்டோஃபேஜி), வைரஸையும் விட்டுவைப்பதில்லை. 1998இல் பெத் லெவினின் குழு, இவ்வினைக்குத் தேவையான பெக்லின்-1 மரபணுவைச் சிண்ட்பிஸ் வைரஸுக்குள்ளேயே பொருத்தி எலிகளின் மூளைக்குள் செலுத்தியபோது, வைரஸின் பெருக்கமும் எலிகளின் சாவும் குறைந்தன. சோதனையை இவ்வளவு குறும்பாகவும் அமைக்கலாம் போலும். தோல் செல் செத்தால் வேறொன்று வரும், நரம்பு செல்லுக்கு ஈடில்லை என்பதால், செல்லைக் கொல்லாமல் வைரஸை ஒழிக்கும் வழி மூளைக்கே மிகவும் வேண்டியது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸோ ஐசிபி34.5 என்னும் புரதத்தால் அந்தப் பெக்லினையே பிடித்து முடக்குகிறது. பிடிக்கும் பகுதி நீக்கப்பட்ட வைரஸால் எலிகளில் மூளை அழற்சியை முன்போல உண்டாக்க முடியவில்லை என்பது 2007இல் தெரியவந்தது.

ஜூன் 7

போலியோ வைரஸின் கதை நேர்மாறானது. அது இத்தகைய பைகளைத் தானே பெருக்கிக்கொள்கிறது. செல் உடையுமுன்பே, பல வைரஸ் துகள்கள் ஒரே பையில் சேர்ந்து வெளியேறவும் செய்கின்றன.

ஜூன் 12

இன்றைய வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை), தொற்றிய செல்களின் எல்சி3-II பட்டை நன்கு தடித்திருந்தது. எல்சி3 புரதம் தரும் இரண்டு பட்டைகளில் கீழே நிற்பது இது, தன்னுண்ணல் பையின் சவ்வில் ஒட்டிய வடிவம். “வைரஸ் தன்னுண்ணலைத் தூண்டுகிறது” என்று உடனே எழுதிவிட ஆசை வரும். ஆனால் தொட்டியில் நீர்மட்டம் உயர்வது குழாய் கூடுதலாகத் திறந்ததாலும் இருக்கலாம், வடிகால் அடைத்ததாலும் இருக்கலாம். லைசோசோமின் அமிலத்தன்மையைக் கெடுக்கும் பாஃபிலோமைசினைச் சேர்த்த பிறகும் பட்டை மேலும் தடித்தால் செரிமானம் நடந்துகொண்டிருந்தது என்று பொருள். தடிக்காவிட்டால் வழி முன்பே அடைபட்டிருக்க வேண்டும். கொரோனா வைரஸின் (சார்ஸ்-கோவி-2) ஓஆர்எஃப்3ஏ புரதம் செய்வது இத்தகைய அடைப்புதான்: விபிஎஸ்39 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, பையும் லைசோசோமும் இணைவதைத் தடுக்கிறது. பாஃபிலோமைசின் இல்லாத எல்சி3 படத்தை வைத்து முடிவு சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

ஜூன் 13

டெங்கு வைரஸ் தன்னுண்ணலைப் பயன்படுத்தவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. செல்லின் கொழுப்புத் துளிகளைத் தன்னுண்ணலால் கரைத்து, அதில் கிடைக்கும் கொழுப்பு அமிலங்களை எரித்துத் தன் பெருக்கத்துக்கு ஆற்றல் பெறுகிறது. அதே வைரஸின் புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் நொதி), செல்லுக்குள் உள்ள சவ்வு வலையான எண்டோபிளாச வலையைச் செரிமானத்துக்கு அனுப்பும் ஃபாம்134பி புரதத்தை வெட்டிப்போடுகிறது, ஏனெனில் அந்த வலையின் சவ்வில்தான் வைரஸ் பெருகியாக வேண்டும். ஆகவே டெங்குவுக்குத் தன்னுண்ணலைக் கூட்டுவதா குறைப்பதா என்று கேட்பவர், எந்தப் பொருளின் செரிமானத்தை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.