திரும்ப ஓடறேன், திரும்ப எழுதறேன், ரெண்டும் மெதுவா

அப்பாவுக்கு முடியாம போனப்போ மூணு மாசம்னு நினைச்சுதான் லீவ் போட்டேன். அது சம்பளம் இல்லாத லீவாச்சு, அதுவும் தீர்ந்து ரிசைன் பண்ணியாச்சு, மொத்தம் ரெண்டு வருஷம். அவர் போய் நாலாவது மாசம் வேற கம்பெனில சேர்ந்தேன், அதே ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் வேலை, ஓடிட்டிருக்கற சாஃப்ட்வேர் படுத்துட்டா எழுப்பி விடறது. டீம் லீட் என்னைவிட எட்டு வயசு சின்னவர். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னா ஏன் சொல்றேன்னு கேட்காதீங்க.

முன்னாடி எனக்கு ரெண்டு பழக்கம் இருந்துச்சு, காலைல ஓடறது, ராத்திரி எழுதறது. ரெண்டையும் யாரும் நிறுத்தச் சொல்லல. ஆஸ்பத்திரி பெஞ்சுல நேரம் கொட்டித்தான் கிடந்துச்சு, ஆனா போன் நோட்ஸ்ல மாத்திரை எத்தனை மணிக்கு, சுகர் எவ்ளோ, பிரஷர் எவ்ளோ, யூரின் எத்தனை மில்லி, இதைத்தான் டைப் பண்ணிட்டு இருந்தேன். கேட்டவங்ககிட்ட எல்லாம் டைம் இல்லன்னு சொல்லிட்டேன்.

வேலைல சேர்ந்த ரெண்டாவது வாரம் பழைய ஷூவைத் தேடி எடுத்தேன். பொட்டிக்குள்ள புதுசு மாதிரிதான் இருந்துச்சு. மாட்டிட்டு 200 மீட்டர் போயிருப்பேன், வலது கால் சோல் முன்பக்கம் பசை விட்டு பிளந்து பட் பட்னு தரையில அடிக்குது. எதிர்ல நடந்து வந்த பெரியவர் "தம்பி, ஷூ வாயைப் பொளக்குதே"ன்னார். உபயோகிக்காம வச்சா தேயாதுன்னு நினைச்சிருந்தேன், பசையும் ஃபோமும் சும்மா வச்சிருந்தாலே காஞ்சு போகுமாம். ஒரு காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

புது ஷூ வந்ததும் அடுத்த முட்டாள்தனம். வாட்ச்ல என்னோட பழைய 5 கிலோமீட்டர் டைம் 27 நிமிஷம்னு இன்னும் நிக்குது, அதைப் பார்த்துட்டே ஓடினேன். மூணு வாரத்துல மூச்சு வாங்கறது நல்லாவே குறைஞ்சுது, ஆஹா வந்துடுச்சுன்னு வேகத்தைக் கூட்டினேன். நாலாவது வாரம் முழங்காலுக்குக் கீழ, எலும்போட உள்பக்கம் நீளமா ஒரு வலி, படி இறங்கினா உயிர் போகுது. பிசியோ கட்டைவிரலால எலும்பு நெடுக அழுத்திப் பார்த்தாங்க. ஒரே புள்ளில சுள்ளுனு வலிச்சா எலும்புல கீறல் இருக்கலாம், இது பரவலா வலிக்குது, அதனால பயப்பட வேணாம், ஆனா நிறுத்துங்கன்னாங்க. அப்புறம் அவங்க சொன்னதுதான் மண்டைல ஏறுச்சு. ஓடறதை விட்டா சில நாள்லயே ரத்தத்துல நீர் அளவு குறைய ஆரம்பிக்கும், திரும்ப ஆரம்பிச்சா அது சீக்கிரமே ஏறிடும், அதனால மூச்சு முதல்ல சரியாகும். தசைநாரும் எலும்பும் பழையபடி தாங்கறதுக்கு மாசக்கணக்காகும். நுரையீரல் ரெடின்னு சொல்றதை நம்பி கால் மாட்டிக்கும்.

அதனால 60 செகண்ட் ஓட்டம், 90 செகண்ட் நடை, இப்படி 20 நிமிஷம். 1996ல ஜாஷ் கிளார்க்னு ஒருத்தர் ஓடியே பழக்கமில்லாதவங்களுக்குப் போட்ட 9 வாரத் திட்டத்தோட முதல் வாரம் இது. அரை மாரத்தான் ஓடினவனுக்கு இதுவான்னு ரோஷம். நடக்கற 90 செகண்ட்ல யாராவது எதிர்ல வந்தா குனிஞ்சு லேஸ் கட்டற மாதிரி ஆக்ட் கொடுப்பேன், சத்தியமா. 1972 ஒலிம்பிக்ஸ்ல ஓடின ஜெஃப் கேலோவேயே நடுவுல நடங்கன்னுதான் சொல்லிக் கொடுத்தார்னு படிச்சப்புறம் லேஸ் கட்டறது கொஞ்சம் குறைஞ்சுது.

எழுத்து வேற வழியா வந்துச்சு. ஒரு ராத்திரி 2:10க்கு அலர்ட், சர்வர்ல டிஸ்க் ஃபுல், அப்ளிகேஷன் படுத்துடுச்சு. சர்வர் எழுதி வைக்கற பழைய லாக் ஃபைலைத் தானா அழிக்கற ப்ரோக்ராமை, சிஸ்டம் மாத்தின மைக்ரேஷன் அப்போ ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஆன் பண்ணல, யாரும் கவனிக்கல. ஏன் இப்படி ஆச்சுன்னு மூல காரணத்தைச் சொல்ற ஆர்சிஏ ரிப்போர்ட் நான்தான் எழுதினேன். நாலு இடத்துல "முன்னாடியே கவனிச்சிருக்கணும்"னு போட்டிருந்தேன். லீட் நாலையும் அடிச்சிட்டார். "இப்ப நமக்கு தெரியறதை வச்சு எழுதாதீங்க, அந்த நேரத்துல அவங்க ஸ்க்ரீன்ல என்ன தெரிஞ்சுதோ அதை மட்டும் போடுங்க. யார் தப்புன்னு தேட ஆரம்பிச்சா அடுத்த தடவை எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான்"னார். விமான விபத்து விசாரணைலயும் பழி போடறதுக்காக தேட மாட்டாங்க, திரும்ப நடக்காம இருக்கத்தான் தேடுவாங்கன்னு எனக்கும் தெரியும், வருஷக்கணக்கா இதே வேலைதான். ஆனா எட்டு வயசு சின்னவர் சொல்லி அன்னைக்கு உறைச்சுது.

அன்னைக்கு ராத்திரி லேப்டாப்பை மூடாம அதே டெம்ப்ளேட்ல அப்பாவோட டைம்லைனை ஆரம்பிச்சேன். கதை, கட்டுரை எதுவும் இல்ல, நேரம், என்ன நடந்துச்சு, அப்போ எனக்கு என்ன தெரியும், மூணு காலம் உள்ள டேபிள். போன் நோட்ஸ்ல எல்லாம் இருந்துச்சு, ஒரு நாளைத் தவிர. அந்த நாள் காலைல எதுவுமே டைப் பண்ணல. ஓட்டத்தைப் பதியற ஆப்பைத் திறந்தா அதே தேதில என் கடைசி ஓட்டம், 6.2 கிலோமீட்டர். நான் வெளிய இருந்தப்போதான் அவர் பாத்ரூம்ல விழுந்தார்.

நான் டைம் இல்லாம ஓட்டத்தை விடல.

ஒரு வாரம் அந்த ஃபைலைத் திறக்கல. நடை, ஓட்டம், ஆபீஸ், தூக்கம். போன ஞாயித்துக்கிழமை ஓடிட்டு வந்து வேர்வை காயறதுக்குள்ள உட்கார்ந்து ஒரு வரி போட்டேன். லீட் சொன்ன மாதிரி, அந்த நேரத்துல கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும்.

5:50. அப்பா நல்லா தூங்கறார். நைட் பிரஷர் 130/80. வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்துல, கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. சத்தமில்லாம கதவைச் சாத்திட்டு கிளம்பறேன்.

6:32ன்னு அடுத்த வரில நேரம் மட்டும் போட்டு வச்சிருக்கேன்.