வாரண்டி இல்லாத கிராபிக்ஸ் கார்டு படுத்துவிட்டால்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் ஆர்எக்ஸ் 580 போன மழைக்காலத்தில் படுத்துவிட்டது. எட்டு ஜிபி கார்டு, ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன், பில் கிடையாது, பெட்டி கிடையாது. முதலில் கேம் நடுவே திரை கறுத்துப்போய் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் கத்த ஆரம்பித்தது. அப்புறம் பூட் ஆகும்போதே பச்சையும் ஊதாவுமாகத் திரை முழுக்கப் புள்ளிகள். கடைசியில் டிரைவர் போட்டாலே தொங்கிவிடும், டிரைவரை நீக்கினால் குறைந்த ரெசல்யூஷனில் சமர்த்தாக டெஸ்க்டாப்பைக் காட்டும். விற்றவருக்கு மெசேஜ் போட்டதும் "கொடுக்கும்போது ஓடுச்சுல்ல ப்ரோ" என்று ஒரு வரி வந்தது. நியாயம்தான், ஓடியது.

இப்படி மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் "கார்டு போச்சு" என்ற ஒரே வாக்கியம்தான் வாயில் வருகிறது. ஆனால் கார்டு ஒரே மாதிரி போவதில்லை. சில பழுதுகள் காசே இல்லாமல் சரியாகும், சில ஆயிரத்துச் சொச்சத்தில் முடியும், சிலவற்றில் ஒரு ரூபாய் போட்டாலும் தண்டம். வாரண்டி இல்லாதவன் செய்யக்கூடிய உருப்படியான காரியம், கடைக்காரர் கையில் கொடுப்பதற்கு முன்னால் நம்முடையது இதில் எந்த வகை என்று ஓரளவாவது கண்டுபிடிப்பதுதான்.

முதலில் கார்டுதான் குற்றவாளியா என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 580-க்கு ஏஎம்டி சொல்லும் மின்தேவை 185 வாட். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்க முடியும், மீதி முழுக்க மெஷினுக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் எட்டு பின் கேபிள் வழியாக வரவேண்டும். கேபினட்டோடு இலவசமாக வந்த, மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய எஸ்எம்பிஎஸ்ஸில் இதை ஓட்டினால், கேம் போட்டவுடன் மெஷின் ரீஸ்டார்ட் ஆவது கார்டின் தவறே இல்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்கும் நண்பன் வீட்டு மெஷினில் போட்டுப் பார்ப்பதை விடச் சிறந்த சோதனை கிடையாது. அதற்கு முன் கார்டின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடுங்கள். கிண்டலாகத் தெரியலாம், நம் ஊர் ஈரக்காற்றில் இதனாலேயே உயிர் வந்த கார்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பயாஸ், அதாவது கார்டு எப்படி ஓடவேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்த நிரல். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை முன்பு கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டிச் சம்பாதித்தார்கள், அதற்குப் பெயர் மைனிங். 2022 செப்டம்பர் 15 அன்று அது கார்டுகள் தேவைப்படாத ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் முறைக்கு மாறியதோடு அதற்காக ஓடிக்கொண்டிருந்த கார்டுகளுக்கு வேலை போய்விட்டது, எல்லாம் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 470, 480, 570, 580 எல்லாம் மைனிங் ஆட்களுக்குச் செல்லப்பிள்ளைகள், ஏனென்றால் பயாஸில் மெமரி டைமிங்கை மாற்றி எழுதினால் வருமானம் கூடும். அப்படி மாற்றிய பயாஸ் இருக்கும் கார்டை விண்டோஸில் ஏஎம்டி டிரைவர் ஏற்றுக்கொள்ளாது. டிஸ்ப்ளே வரும், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்டு கோட் 43 என்று நிற்கும். இதைப் பார்த்துவிட்டுக் கார்டு செத்துவிட்டது என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, ஒரிஜினல் பயாஸை ஏற்றினால் அது முழு ஆரோக்கியமான கார்டு. ஏற்றும்போது இரண்டு விஷயம் முக்கியம். இப்போது இருக்கும் பயாஸை முதலில் சேமித்துவிடுங்கள். அப்புறம் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலைப் போட்டு மெமரி சிப் சாம்சங்கா, ஹைனிக்ஸா, மைக்ரானா என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் பயாஸை மட்டும் ஏற்றுங்கள். சில மாடல்களில் கார்டின் மேல் விளிம்பில் பயாஸ் மாற்றும் சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதைத் தள்ளிப் பார்க்கவே பலருக்குத் தோன்றுவதில்லை.

ஜிபியு-இசட் திறந்ததும் ஷேடர் எனும் சின்னக் கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். 2304 இருந்தால் 580. 2048 இருந்தால் அது சீனச் சந்தைக்கு 2018-ல் வந்த 2048எஸ்பி ரகம், பெயர் 580, உள்ளே 570. விலை பேசும்போது இது யாரும் சொல்லாத தகவல்.

என் கார்டில் எஸ்எம்பிஎஸ்ஸும் குற்றமில்லை, பயாஸும் குற்றமில்லை. டிரைவர் இல்லாமல் ஓடுகிறது, டிரைவர் வந்ததும் சாகிறது, புள்ளி புள்ளியாக வருகிறது என்றால் பெரும்பாலும் மெமரிதான். மெம்டெஸ்ட் வல்கன் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, கார்டின் மெமரியை எழுதிப் படித்துச் சோதிக்கும். டிரைவர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்த ஒரு நல்ல வேளையில் அதை ஓட்டினேன், ஓட்டிய உடனே பிழைகளாகக் கொட்டியது. மைனிங் கார்டு என்றாலே கோர், அதாவது கார்டின் நடுவே இருக்கும் முக்கியச் சிப், வெந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து கோர் வோல்ட்டேஜைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள், இரவும் பகலும் அடிவாங்குவது மெமரியும் ஃபேனும்.

வாரண்டி இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் பில் கேட்கும், சில சீரியலை வைத்தே காலத்தைக் கணக்கிடும். 580 வந்தது 2017 ஏப்ரலில், அதனால் எனக்கு நம்பிக்கை எதுவும் இருக்கவில்லை, ஆனால் என்விடியாவின் 30 வரிசை, 40 வரிசை கார்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். சட்டம் என்று பார்த்தால், கடையில் பில்லோடு வாங்கியிருந்தால் பழைய பொருளானாலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், ஐந்து லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் யாரோ ஒருவரிடம் கையில் காசு கொடுத்து வாங்கியதற்கு எதை வைத்து எங்கே போவது.

சரி, ரிப்பேர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் நுழைந்த கடையில் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஹீட் குடுத்தா வந்துடும் சார், ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க, ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி தர்றோம்." இந்த ஹீட் வைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் நம்மவர்கள் அதிகம் பணம் விடுகிறார்கள். சிப்புகளைப் போர்டில் ஒட்டவைக்கும் உலோகம்தான் சால்டர், பழைய ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும். ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஹெச்எஸ் விதி 2006 ஜூலையில் அமலுக்கு வந்தபின் எலக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் ஈயமில்லாத சால்டருக்கு மாறியது, பரவலாகப் பயன்படும் அந்தக் கலவை உருக 217 டிகிரி வேண்டும். வீட்டு ஓவனில் 200 டிகிரியில் வைத்து எடுப்பவர்கள் இந்த ஈயமில்லாத சால்டரை உருக்கவில்லை. ஹீட் கன்னைக் கண்மூடித்தனமாக அடிப்பவர் உருக்கினாலும் கெட்டுப்போன சிப் நல்ல சிப்பாக ஆகிவிடாது. சூட்டில் எல்லாம் கொஞ்சம் விரிந்து, சிப்புக்குள் விட்டுப்போன ஒரு நுண்ணிய இணைப்பு தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். டிஸ்ப்ளே வரும், நமக்கும் சந்தோஷம், கடைக்காரருக்கும் சந்தோஷம், டெஸ்டிங் வாரண்டி முடிந்தபின் மறுபடி கறுப்புத் திரை. ஒரு காலத்தில் லேப்டாப் சிப்புகளில் பேக்கேஜிங் கோளாறு பெரிதாக வெடித்து, 2008-ல் என்விடியா அதற்கென 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. கார்டை ஓவனில் வேகவைக்கும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம்.

கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு ஒருவரிடம் போனேன், மாடியில் சின்ன அறை, மேசை முழுக்கச் செத்த போர்டுகள். சிப் லெவல் சர்வீஸ் என்று பலகை எல்லோரும்தான் வைக்கிறார்கள், வித்தியாசம் கேட்கிற கேள்வியில் தெரிந்துவிடும். இவர் என்ன ஆனது, எப்போது ஆனது, ஏற்கெனவே யாராவது ஹீட் அடித்தார்களா என்று கேட்டார். ஹீட்சிங்க்கைக் கழற்றி மல்டிமீட்டரை எடுத்து போர்டில் இருக்கும் மின்சுருள்களை, ஒவ்வொரு காயிலாகத் தொட்டுக்கொண்டே போனார். "கோர் போயிருந்தா அப்படியே திருப்பிக் குடுத்துடுவேன் தம்பி, மெமரின்னா செய்யலாம், எந்தச் சிப்புன்னு பாக்கணும்."

அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை நீங்களும் வீட்டில் ஓரளவு செய்யலாம். கார்டை ஸ்லாட்டிலிருந்து முழுக்கக் கழற்றி, எட்டு பின் கனெக்டரின் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பூஜ்யத்துக்கு ஒட்டி இருந்தால், மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற பாகம் ஷார்ட் ஆகியிருக்கலாம். இந்தக் கார்டைப் போட்டால் மெஷினே ஆன் ஆகாது, எஸ்எம்பிஎஸ் டக்கென்று கட் செய்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பல சமயம் இதுதான் மலிவான பழுது, மாஸ்ஃபெட்டை மாற்றினால் நீண்ட நாள் ஓடும், அந்த 12 வோல்ட் நேராகக் கோருக்குள் இறங்கியிருக்காத வரை. அப்புறம் ஒன்று, கோர் பக்கத்துக் காயிலில் ஒரு ஓம் கூட இல்லையே, ஷார்ட் என்று அலறாதீர்கள், பெரிய சிப்புகளுக்கு அது இயல்பு. மெமரி பக்கம் பொதுவாக அதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதே மாடலில் நல்ல கார்டு ஒன்று கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நிச்சயம். ஃபியூஸ் போயிருந்தால் கம்பியை வைத்து நேராக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் கார்டைக் கொடுக்காதீர்கள்.

580-ல் ஒவ்வொன்றும் ஒரு ஜிபியாக எட்டு மெமரி சிப்புகள். எனக்குப் போனது அதில் ஒன்று. செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே ரகச் சிப்பை எடுத்து, அடியில் புதுச் சால்டர் பந்துகள் வைத்து, மாற்றிக் கொடுத்தார், 1,800 ரூபாய். நான் போகும்போதே மனதில் வைத்திருந்த உச்சவரம்பு, இன்றைக்கு அந்தக் கார்டு விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் இன்னொரு பழைய கார்டை வாங்கிவிடுவது மேல், ரிப்பேர் ஆன கார்டை யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள். கோர் போனால் இந்தக் கணக்கே தேவையில்லை, இன்னொரு கோர் வாங்கி மாற்றும் செலவில் வேறு கார்டே வந்துவிடும்.

கொடுப்பதற்கு முன் சீரியல் ஸ்டிக்கரையும் போர்டின் இருபக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகாவிட்டால் பார்த்த கூலி எவ்வளவு என்று முன்னாலேயே கேளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று வாயாலாவது சொல்லச் சொல்லுங்கள், "ஹீட் பண்ணி சரி பண்ணோம்" என்று வந்தால் கணக்கு புரிந்துவிடும்.

திரும்பி வந்தபின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேட், பேஸ்ட் இரண்டையும் புதிதாக்கினேன், மெமரி வேகத்தை 2000-லிருந்து 1750 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டேன், கோர் வோல்ட்டேஜையும் கொஞ்சம் குறைத்தேன். கேமில் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. ஃபேன் சத்தம் குறைந்தது. எப்போதாவது விற்றால் மெமரி மாற்றியது என்று சொல்லித்தான் விற்பேன், விலை ஐநூறு, ஆயிரம் குறையும், குறையட்டும்.

நண்பன் ஒருவனின் கார்டில் நிஜமாகவே கோர் போய்விட்டது. அதைக் குப்பையில் போடாமல் ஹீட்சிங்க், ஃபேன் செட்டைத் தனியாகவும், போர்டை அந்த மாடி அறைக்காரரிடம் மெமரி சிப்புக்காகவும் விற்றான். ஃபேனை வாங்க வந்தவர் பணத்தை எடுத்துக்கொண்டே ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி உண்டா என்று கேட்டாராம்.