80-20 சீட்டு 60-40 ஆகும் நாள்

மதுரையில் கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் காபிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்கும் கடை எங்களுடையது. வீட்டுக்குக் கால் கிலோ, அரைக் கிலோ வாங்குவோர் நேரில் வருவார்கள்; காபிக் கடை நடத்துவோர் பெரும்பாலும் பையனிடம் சீட்டு கொடுத்து அனுப்புவார்கள். சீட்டில் "80-20, 5 கிலோ" என்று இருந்தால் நூற்றுக்கு எண்பது பங்கு காபி, இருபது பங்கு சிக்கரி என்று பொருள். ஒரு கடை நன்றாக நடக்கிறதா, நொடித்துக்கொண்டிருக்கிறதா என்பதை அந்தக் கடையில் காலடி வைக்காமலேயே இந்தச் சீட்டுகளைக் கொண்டு என்னால் ஓரளவு சொல்லிவிட முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புதுக் கடையின் சீட்டு வரத் தொடங்கியது. உரிமையாளர் வெளியூரில் நல்ல சம்பளத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். தேக்கு மரத்தில் கல்லா, புதுப் பித்தளை டபரா செட்டுகள், சுவரில் பழைய மதுரைப் படங்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். பீபெரி என்னும் உருண்டைக் கொட்டையையும் பிளாண்டேஷன் ஏ என்னும் உயர்தர அரபிகாக் கொட்டையையும் சரிபாதி கலந்து, 85-15 விகிதத்தில் அரைத்துத் தரச் சொன்னார். நான்காம் மாதம் அது 70-30 ஆயிற்று. பிளாண்டேஷன் போய் விலை குறைந்த ரோபஸ்டா ரகம் வந்தது. ஆறாம் மாதம் 60-40. அதன்பின் ஐந்து கிலோ இரண்டு கிலோவாகக் குறைந்து, "கணக்கில் எழுதிக்கொள்ளவும்" என்ற வரியும் சீட்டில் சேர்ந்துகொண்டது. ஒன்பதாம் மாதம் சீட்டு வரவில்லை.

சிக்கரியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அளவோடு சேர்த்தால் டிக்காஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தருவது அதுதான். நம் ஊர் நாக்கு அதற்குப் பழகியும் விட்டது. ஆனால் சிக்கரி என்பது வறுத்த கிழங்கு. அதில் காஃபின் கிடையாது. மாலை நான்கு மணிக்குத் தலை கனத்துப்போய் வருகிற வாடிக்கையாளர், 60-40 தூளில் போட்ட காபியைக் குடித்த பிறகும் தலைப் பாரம் இறங்காமலே வீடு திரும்புகிறார். காரணம் என்னவென்று அவருக்குத் தெரியாது. புகாரும் சொல்ல மாட்டார். மறுநாள் எதிர்ச்சாரியில் நடப்பார், அவ்வளவுதான். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. டம்ளரில் யாரும் எதையும் அச்சிடுவதில்லை.

அந்த உரிமையாளர் ஏமாற்றுக்காரர் அல்லர். கணக்கு அவரை அங்கே தள்ளியது. கடை திறப்பதற்கு முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டிய அந்தக் கணக்கைப் பெரும்பாலானவர்கள் கடை திறந்து ஆறு மாதம் கழித்துத்தான் போடுகிறார்கள் என்பதே என் அனுபவம். இங்கே போட்டுப் பார்ப்போம்.

ஒரு காபியின் விலை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு மில்லி பால், லிட்டர் 64 ரூபாய் என்றால், 6 ரூபாய் 40 காசு. கிலோ 750 ரூபாய்த் தூளில் 125 காபி எடுத்தால் தூளுக்கு 6 ரூபாய். சர்க்கரையும் சிந்துவது சிதறுவதும் சேர்த்து மொத்தம் 13 ரூபாய் ஆகும்; கையில் நிற்பது 7 ரூபாய். இனிக் கடைச் செலவு: வாடகை 30,000, மாஸ்டருக்கு நாளுக்கு 900, உதவியாளுக்கு 600 என்று மாதம் 45,000, எரிவாயு, மின்சாரம், தண்ணீர், இதர சில்லறைகள் 19,500. ஆக மாதம் 94,500 ரூபாய். ஏழு ரூபாயால் வகுத்தால் 13,500 காபி, அதாவது நாளொன்றுக்கு 450. அதுவரை உரிமையாளருக்கு ஒரு பைசாவும் இல்லை. கடனுக்கு வட்டியும் இதில் வரவில்லை.

பலர் இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நாளைக்கு 450 காபி விற்கும் கடையின் ஆண்டு வரவு 32 லட்சத்தைத் தாண்டும். 20 லட்சத்தைத் தாண்டினாலே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உணவகங்களுக்கு உரிய 5 சதவீத வரியில், வாங்கும் பொருளுக்கும் வாடகைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. காபி விலையை 20 ரூபாயிலேயே நிறுத்தினால் வரி அதற்குள்ளிருந்துதான் போக வேண்டும். கையில் நின்ற 7 ரூபாய் ஏறத்தாழ 6 ரூபாயாகிவிடும். அப்போது 450 போதாது, 525 காபி விற்றாக வேண்டும். கட்டட உரிமையாளரும் ஜிஎஸ்டி பதிவு உள்ளவரானால் வாடகைமேல் 18 சதவீதம், அதாவது மாதம் 5,400 ரூபாய் கூடுதல் சுமை. தேக்கு மரக் கல்லாவுக்கு மூன்று முறை வரைபடம் போட்டவர் இந்தக் கணக்கை ஒரு முறையாவது காகிதத்தில் போட்டிருந்தால், அந்த வாடகைக்கு அந்த இடத்தை எடுத்திருக்க மாட்டார்.

எண்ணிக்கை மட்டுமன்று, நேரமும் இதில் இருக்கிறது. நம் ஊரில் காபி குடிப்பது காலை ஐந்தரை முதல் ஒன்பதரை வரை, பிறகு மாலை நான்கு முதல் ஏழு வரை. நானூற்றைம்பதில் முக்கால் பங்கு இந்த ஏழு மணி நேரத்துக்குள் விற்றாக வேண்டுமென்றால் சராசரியாக 75 நொடிக்கு ஒரு காபி. காலை ஆறரைக்குக் கூட்டம் நெருக்கும்போது அரை நிமிடத்துக்கு ஒன்று. மாஸ்டரின் கை அந்த வேகத்துக்கு ஓட வேண்டும், ஒருவருக்கு ஸ்ட்ராங், இன்னொருவருக்கு லைட், மூன்றாமவருக்குச் சர்க்கரை இல்லாமல் என்பதும் தவறக் கூடாது. வேகத்தில் அவர் டம்ளருக்கு 20 மில்லி பால் கூடுதலாக ஊற்றினால் நாளைக்கு ஒன்பது லிட்டர் பால். மாதக் கடைசியில் 17,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டிருக்கும். திருட்டு ஒன்றும் நடந்திருக்காது. இருந்தாலும் பணம் இருக்காது.

இதற்கு நடுவில் கொட்டை விலை ஏறியது. பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்து விளைச்சல் குறைந்ததில், 2024 செப்டம்பரில் லண்டன் சந்தையில் ரோபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. குடகிலும் சிக்மகளூரிலும் விளையும் கொட்டைக்கும் அந்த விலைதான் அளவுகோல். என் கடைப் பலகையில் விலையை அழித்து எழுதி எழுதிச் சாக்பீஸ் தீர்ந்த மாதங்கள் அவை. காபிக் கடைக்காரர்களோ விலையை ஏற்ற அஞ்சினார்கள். சில்லறைத் தொல்லையால் நம் ஊரில் காபி விலை 15, 20, 25 என்று ஐந்து ஐந்தாகத்தான் ஏறும். ஒரே நாளில் ஐந்து ரூபாய் ஏற்றினால் கூட்டம் கலைந்துவிடுமோ என்ற பயம். பாதிப் பேர் செல்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிற இந்தக் காலத்திலும் 22 ரூபாய் என்று எழுதப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. விலையை ஏற்றத் தயங்கியவர்கள் விகிதத்தைக் குறைத்தார்கள். என் கைக்கு 60-40 சீட்டுகள் அதிகமாக வந்தது அப்போதுதான்.

புதிதாகக் கடை போடுவோர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றும் உண்டு. காபி விற்பது ஒரு தொழில். நாற்காலி வாடகைக்கு விடுவது வேறொரு தொழில். 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் கஃபே காபி டே முதல் கடையைத் திறந்தபோது காபியோடு இணைய வசதியையும் சேர்த்தே விற்றார்கள். அங்கே உட்காரும் நேரத்துக்குத்தான் விலை. குளிர்பதன அறையும் எஸ்பிரெசோ எந்திரமும் வைத்து, ஒருவர் மடிக்கணினியோடு இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்க அனுமதிப்பவர் ஒரு காபிக்கு 150 ரூபாய் வாங்கியே தீர வேண்டும். அதைக் கொடுக்கக்கூடிய ஆள்கள் நடமாடும் தெருவாகவும் பார்க்க வேண்டும். நின்று குடித்துவிட்டுப் போகும் கடைக்கு நான்கு நிமிடத்தில் டம்ளர் திரும்பி வர வேண்டும். ஓட்டலின் விலை, மண்டபத்தின் அலங்காரம், நின்று குடிக்கும் கடையின் கூட்டம் என்று மூன்றையும் ஒரே கடையில் எதிர்பார்த்தவர்களைத்தான் நான் அதிகம் இழந்திருக்கிறேன். இதில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளை நம்புவது வேறு. நுரை அடங்கி ஆறிப்போன பில்டர் காபிக்குக் கமிஷனும் கொடுத்து என்ன மிஞ்சும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தப்பிப் பிழைத்தவர்களில் ஓர் அம்மாவைச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைக்குச் செல்லும் பாதையொன்றில் எட்டுக்குப் பத்து அடியில் கடை, உட்கார இடமில்லை. கணவர் இருந்தவரை வீட்டில் மட்டுமே காபி போட்டவர், கடை போடும் முன் இரண்டு மாதம் ஒரு கல்யாணச் சமையல் குழுவோடு போய்ப் பெரிய பில்டரில் டிக்காஷன் இறக்கக் கற்றுக்கொண்டார். மாஸ்டர் வைத்திருக்கிறார், ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போன மாஸ்டர் பத்து நாள் திரும்பாதபோது கடை ஒரு வேளைகூட மூடவில்லை. பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை பூட்டிவிடுவார். ஆளில்லாத நேரத்தில் அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருப்பது பணம் சுண்டுவதுதான் என்பது அவர் கட்சி. பாலுக்கு ஒரு கரண்டி, டிக்காஷனுக்கு ஒரு கரண்டி. கரண்டி இல்லாமல் யாரும் ஊற்றக் கூடாது. இரண்டாம் டிக்காஷனை முதல் டிக்காஷனோடு கலக்க விடமாட்டார். அது கடையில் வேலை செய்பவர்கள் குடிப்பதற்கு.

பத்து கிலோவாக வாங்கிக்கொண்டால் விலை குறைத்துத் தருகிறேன் என்று நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை மூன்று கிலோதான் வாங்குவார், அதுவும் கண்ணெதிரே அரைத்து. ஒருநாள் எந்திரத்தின் பற்கள் தேய்ந்திருந்ததை நானே கவனிக்கவில்லை. மறுநாள் காலை தொலைபேசியில், "அண்ணே, தூளு பருவெட்டா விழுந்திருக்கு. தண்ணி நிக்காம ஓடுது, டிக்காஷன் ஏறவே இல்ல" என்றார். போய்ப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. நைசாக அரைத்தால் பில்டர் அடைத்துக்கொள்ளும், பருவெட்டாக அரைத்தால் சாரம் இறங்காது. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தை அவர் விரல் அறிந்திருந்தது. கொட்டை விலை ஏறியபோது அவர் செய்தது ஒன்றே: பலகையில் "தூள் விலை கூடிவிட்டது, இன்று முதல் 23 ரூபாய்" என்று எழுதி, அருகில் ஒரு டப்பா நிறைய இரண்டு ரூபாய் நாணயங்களை வைத்தார். ஒரு வாரம் முணுமுணுப்பு இருந்தது. அவருடைய 80-20 சீட்டு மாறவில்லை.

எனக்கும் இதில் பங்கு உண்டு. விகிதத்தைக் குறைக்கச் சொல்லிச் சீட்டு வரும்போதெல்லாம் கேள்வி கேட்காமல் அரைத்துக் கொடுத்திருக்கிறேன். வாங்குகிறவரிடம் வியாபாரி புத்தி சொல்லக் கூடாது என்பது அப்பா சொல்லிக் கொடுத்தது. இப்போது புதிதாக வருவோரிடம் மட்டும் அந்தப் பழக்கத்தை மீறுகிறேன்.

போன மாதம் ஓர் இளைஞர் செல்பேசியில் கடையின் உள் அலங்காரப் படங்களோடு வந்தார். மாதம் 35,000 வாடகை, பத்து மாத அட்வான்ஸ் என்று இடம் பேசி முடிக்கும் நிலையில் இருந்தார். "தம்பி, தூள் விலையைப் பிறகு பேசுவோம். பத்து நாள் அந்த இடத்துக்கு எதிரே நின்று, மணிக்கு எத்தனை பேர் நடந்து போகிறார்கள், பக்கத்து டீக்கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார், திரும்பி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்து நின்றார். காலை ஆறு முதல் ஏழு வரை 41 பேர், ஏழு முதல் எட்டு வரை 58 பேர், மழை பெய்த இரண்டு நாள் தனியாக என்று கோடு போட்டு எழுதியிருந்தார். அந்த இடத்தை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் பாதி அகலத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லையாம். அங்கேயும் பத்து நாள் நிற்க வேண்டியிருக்கிறது என்றார்.