மைலோ டின்னுக்குள் கைப்பேசி

சுங்கை சிப்புட், மலேசியா, 5 ஜூலை 2025, சனி

மாலை ஆறு மணிக்குக் கைப்பேசியை அணைத்துப் பழைய மைலோ டின்னுக்குள் போட்டு மூடினேன். மடிக்கணினி பீரோவுக்குள் போய்விட்டது. திங்கட்கிழமை காலை வரை இரண்டையும் தொடுவதில்லை. அவசரம் என்றால் பக்கத்து வீட்டு அக்காவை அழைக்கும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

ஈப்போவில் கண் மருத்துவர் சொன்னது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறதாம். அதனால்தான் கண் வறண்டு எரிகிறது. சொட்டு மருந்து தந்தார். அதை விட்டுக்கொண்ட ஈரம் காய்வதற்குள் மின்னஞ்சலைத் திறந்தேன். அன்றுதான் எனக்கே பயம் வந்தது.

6 ஜூலை, ஞாயிறு

இரவு இரண்டு முறை கை தானாகத் தலையணைக்கு அடியில் துழாவியது.

காலையில் அப்பாவோடு உட்கார்ந்து பசியாறினேன். 41 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்; அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் வெட்டிய ரப்பர் காடெல்லாம் இப்போது செம்பனை, எண்ணெய் தரும் பனை. விடியுமுன் ஏன் போனீர்கள் என்று கேட்டேன். குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும் என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்:

"இன்று வெட்டிய மர நிரையை நாளைக்குத் தொடக் கூடாது அம்மா. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டை காய்ந்துவிடும். அப்புறம் எத்தனை கத்தி போட்டாலும் பால் வராது."

மரத்துக்குக் கிடைத்த அந்த மறுநாள் என் தலைக்குக் கிடைத்து எத்தனை ஆண்டுகள் ஆயின!

9 ஜூலை, புதன்

கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். இரவு பதினொரு மணிக்கும் மேலாளரின் மின்னஞ்சல் வரும். இன்று துணிந்து எழுதிவிட்டேன்: எட்டு மணிக்குப் பின் வருவதற்கு மறுநாள் காலையில் பதில் தருகிறேன்.

2023 ஜனவரி முதல் நம் நாட்டில் வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. படுக்கையில் கிடந்தபடி அனுப்பும் பதில்களை அந்த 45இல் யார் சேர்க்கிறார்கள்? வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதலும் சட்டத்திலேயே இருக்கிறது. தோட்டத்தில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைய வெட்டு முடிந்தது. இரவில் யாரும் வந்து கதவைத் தட்டி இன்னும் ஒரு மரம் என்று கேட்கவில்லை.

12 ஜூலை, சனி

மேலாளரிடமிருந்து ஒரே சொல்: சரி. டின்னை மூடினேன்.

13 ஜூலை, ஞாயிறு

சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் மகாத்மா காந்தி கலாசாலை வந்ததும் அப்பா நின்றார். பள்ளியைப் பார்த்ததும் அதை நிறுவிய துன் சம்பந்தனின் நினைவு அவருக்கு வந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்த அவர்தான் 1966இல் நாட்டின் தபால், தொலைத்தொடர்பு அமைச்சர். அப்போது எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரே தொலைபேசி, தோட்ட நிர்வாகியான துரையின் அலுவலகத்தில். அந்தத் தொலைபேசியில்தான் தாத்தா மருத்துவமனையில் இறந்த செய்தி வந்ததாம். தோட்டத்து எழுத்தரான கிராணி ஐயா சைக்கிளை மிதித்துக்கொண்டு நிரைக்கே வந்து சொன்னாராம். அப்பாவுக்கு அப்போது வயது பதினேழு.

"இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?" என்றேன்.

"சொல்லியிருக்கிறேனே. இரண்டு முறை."

குரலில் குறையே இல்லை. சந்தைப் பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தார். எனக்குத்தான் கால் எழவில்லை. அந்த இரண்டு முறையும் நான் 'ம்' கொட்டியிருப்பேன். கையில் எது இருந்திருக்கும் என்று தெரியும். அதில் என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு வரிகூட நினைவில் இல்லை.

19 ஜூலை, சனி

கண் எரிச்சல் குறைந்திருக்கிறது. பத்து மணிக்கே தூக்கம் வருகிறது. முன்பு அந்த வெளிச்சத்தோடு ஒரு மணிவரை விழித்திருப்பேன்.

ஆறு மணிக்கு டின்னை மூடிவிட்டு, திண்ணையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கிராணி ஐயா வந்த கதையை மறுபடியும் சொல்லச் சொன்னேன். இந்த முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். எந்த மரத்தடியில் நின்றீர்கள்? அவர் சைக்கிளிலிருந்து இறங்கினாரா? கையில் என்ன இருந்தது?

"வாளி," என்றார். "பாதி வாளி பால். அதை அங்கேயே வைத்துவிட்டு ஓட மனம் வரவில்லை. கிராணி ஐயாவே கையில் வாங்கிக்கொண்டார். வெள்ளைச் சட்டை முழுக்கப் பால்."