கீழமாசி வீதிக் கடையும் இருபது பைட் பேக்கப்பும்

மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் பில் மென்பொருளையும் அதன் பின்னால் இருக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தையும் ஆறு ஆண்டுகளாக நான்தான் கவனித்து வருகிறேன். கார்த்திகை மாதத்தின் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. கடை உரிமையாளரை, அந்த வீதியில் எல்லோரும் அழைப்பதைப் போல, நானும் அண்ணாச்சி என்றே அழைப்பேன். "பதறாதீங்க அண்ணாச்சி, பேக்கப் தினமும் ஓடுது" என்று சொல்லிவிட்டு, வெளி டிஸ்க்கை என் மடிக்கணினியில் செருகி, கோப்புகளின் பட்டியலைத் திறந்தேன். தேதி வாரியாகக் கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஆனால் கடைசி 41 கோப்புகளின் அளவும் ஒன்றுபோல 20 பைட் என்று காட்டியது.

"வந்துருச்சா தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டபோது நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

20 பைட் என்பது தற்செயலான எண் அன்று. கோப்புகளைச் சுருக்கும் ஜிஜிப் நிரல் தனக்குள் எதுவுமே வராதபோதும் ஒரு கோப்பை எழுதி முடிக்கும்: தலைப்பகுதிக்கு 10 பைட், வெறுமையான உள்ளடக்கத்துக்கு 2 பைட், சரிபார்ப்பு எண்ணும் நீளமும் அடங்கிய வால் பகுதிக்கு 8 பைட். அதாவது என்னிடம் இருந்தவை, முறைப்படி கட்டி முத்திரை வைத்த 41 காலிச் சாக்குகள். நடந்தது இதுதான். ஒன்றரை மாதத்துக்கு முன்பு தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றிய நான், பேக்கப் கட்டளைகளை எழுதிவைத்த ஸ்கிரிப்டில் அதை மாற்ற மறந்துவிட்டேன். தரவுத்தளத்தை நகல் எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளை தினமும் உள்ளே நுழைய முடியாமல் பிழைச் செய்தியோடு வெளியேறியிருக்கிறது. அதன் வெளியீட்டைக் குழாய் (பைப்) வழியாக ஜிஜிப்புக்கு அனுப்பியிருந்ததால், கட்டளைகளை இயக்கும் ஷெல்லைப் பொறுத்தவரை அந்த வரியின் வெற்றி தோல்வியைச் சொல்வது குழாயின் கடைசியில் நிற்கும் ஜிஜிப் மட்டுமே. அதுவோ தன் வேலையைக் குறையில்லாமல் செய்து முடித்திருந்தது. பிழைச் செய்தியை, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரான் நிரல், அதே கணினியில் உள்ள ஒரு அஞ்சல் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெட்டியை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா பழைய பழக்கத்தை விடாமல் சிட்டையில் கையால் எழுதி வந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அதையும் பில் நகல்களையும் வைத்துக்கொண்டு, நான்கு மாலைகள் அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். கணினி வந்த பிறகு சிட்டை எதற்கு என்று அவரிடம் நான் முன்பு ஒருமுறை கேட்டிருந்தேன். அந்த நான்கு நாளும் அதை அவர் நினைவூட்டவில்லை, அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

இப்படி ஏமாந்தவன் நான் மட்டுமல்லன். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்ட பிறகுதான், அவர்களுடைய பேக்கப்பும் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது தெரிய வந்தது. சர்வரில் ஓடிய தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்க ஓடியதோ 9.2 பதிப்பின் நகல் நிரலான பிஜி டம்ப். பதிப்புகள் பொருந்தாததால் அது தோற்றது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் திருப்பப்பட்டிருந்தன. அவர்கள் தங்கள் தவறை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதால் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

புதிய டிஸ்க் வந்ததும் ஸ்கிரிப்டை முதலிலிருந்து எழுதினேன். முதல் வேலையாக பாஷ் ஷெல்லின் பைப்ஃபெயில் அமைப்பை இயக்கினேன். குழாயில் எந்த நிரல் தோற்றாலும் அந்த வரியே தோற்றதாகக் கணக்காகும். அடுத்ததாக, மைஎஸ்கியூஎல்டம்ப் வழக்கமாகத் தன் வெளியீட்டின் கடைசி வரியாக 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு ஒரு குறிப்பை எழுதும் என்பதால், அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வைத்தேன். நகலை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, இந்தச் சோதனையைத் தாண்டிய பிறகே தேதியிட்ட பெயருக்கு மாற்றுகிறேன். அப்படிப் பெயர் மாறிய பிறகுதான் மிகப் பழைய கோப்பு ஒன்று நீக்கப்படும். தேதி என்றதும் நினைவுக்கு வருகிறது: கிரான் அட்டவணையில் சதவீதக் குறிக்கு வரி முடிவு என்று பொருள். கோப்பின் பெயரில் தேதி வருவதற்காக அந்தக் குறியை அப்படியே எழுதினால், கட்டளை பாதியில் வெட்டுப்பட்டுவிடும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும். அல்லது எல்லாவற்றையும் தனி ஸ்கிரிப்டில் வைத்துவிட்டு, கிரானில் அதன் பெயரை மட்டும் எழுதலாம். நான் இரண்டாவது வழியையே விரும்புகிறேன்.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதுவது கூடாது. அதற்கென ஒரு அமைப்புக் கோப்பு வைத்து, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 என்று அனுமதி கொடுத்து, டிஃபால்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல் என்ற தெரிவின் மூலம் அதைச் சுட்ட வேண்டும். இந்தத் தெரிவு மற்ற எல்லாத் தெரிவுகளுக்கும் முன்னால் வர வேண்டும். இடம் மாறினால் கட்டளை அதை ஏற்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் ஆனது.

பேக்கப்பை எந்த நேரத்தில் ஓட்டுவது என்பதைக் கடையின் வழக்கம்தான் முடிவு செய்தது. பாடப்புத்தகங்கள் அதிகாலை இரண்டு மணி என்று சொல்லும். ஆனால் எங்கள் கடையில் இரவு ஒன்பது மணிக்குக் கல்லாப் பெட்டிக்குச் சூடம் காட்டி, மெயின் சுவிட்சை அணைத்த பிறகே ஷட்டரை இறக்குவார்கள். அதனால் மதியம் இரண்டரை மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், சற்றே கூட்டம் குறைந்தாலும் பில் போடுவது நிற்காத வேளையில், நகல் எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் என்ற தெரிவு கைகொடுக்கிறது. நகல் எடுக்கத் தொடங்கிய கணத்தில் தரவுத்தளம் எப்படி இருந்ததோ அந்த நிலையை மட்டுமே அது இறுதிவரை படிக்கும். இடையில் விழும் பில்கள் தடைபடுவதும் இல்லை, நகலில் பாதி மட்டும் நுழைவதும் இல்லை. தரவைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு உண்டு. மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபியே இயல்பு வகை என்றாலும், எங்கள் மென்பொருள் அதற்கு முந்தைய காலத்தில் எழுதப்பட்டது என்பதால், சரக்கு இருப்பு அட்டவணை இன்னும் மைஐசாம் என்ற பழைய வகையாகவே கிடந்தது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினேன்.

இந்தக் கட்டளை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும் என்று நம்பியிருந்ததும் என் தவறு. அட்டவணையில் மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் டிரிகர்கள் தாமாக வரும். தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்த நிரல்களான ஸ்டோர்டு புரொசீஜர்களும் நேரம் குறித்து ஓடும் ஈவென்ட்களும் கேட்டால்தான் வரும். அதற்கு ரொட்டீன்ஸ், ஈவென்ட்ஸ் என்ற இரண்டு தெரிவுகளைச் சேர்க்க வேண்டும். வட்டிக் கணக்குப் போடும் புரொசீஜர் எங்களுக்கு அப்படித்தான் காணாமல் போனது. நல்லவேளையாக அதன் பிரதி என் வீட்டுக் கணினியில் இருந்தது.

தமிழில் சரக்குப் பெயர் வைத்திருப்பவர்கள் எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் குறியாக்கத்தை மறக்கக் கூடாது. 'உளுந்து' என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறி. யுடிஎஃப்-8 முறையில் 21 பைட். நகல் எடுக்கும்போதோ மீட்கும்போதோ இணைப்பு அதை, ஒரு எழுத்துக்கு ஒரே பைட் என்று கொள்ளும் லத்தீன்-1 என்று நினைத்துக்கொண்டால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். அப்போது உளுந்து, துவரை, கடுகு எல்லாமே தலையில் கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ' எழுத்தில் தொடங்கும். அந்த எழுத்து வரிசையைத் திரையில் கண்டால், தரவு போய்விட்டது என்று அழ வேண்டாம். இணைப்பின் குறியாக்கத்தை முதலில் பாருங்கள். நான் நகல், மீட்பு இரண்டிலும் மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்-8 முறையைக் குறிக்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுகிறேன்.

தெற்கு ஆவணி மூல வீதியில் நான் பார்க்கும் ஒரு நகைக்கடையில் இதே தொல்லை வேறு வேடத்தில் வந்தது. அங்கே விண்டோஸ். அதோடு வரும் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் வெளியீட்டை '>' குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பினால், கோப்பு யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் எழுதப்பட்டுவிடும். மைஎஸ்கியூஎல் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளாது. ரிசல்ட்-ஃபைல் என்ற தெரிவில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் நிரலே நேரடியாக எழுதிக்கொள்ளும்.

இப்போது ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, கடையின் பின்னறையில் இருக்கும் பழைய கணினியில், முந்தைய நாள் நகலைப் புதிதாக ஏற்றிப் பார்க்கிறோம். எடுப்பதைவிட ஏற்றுவதற்கு நேரம் அதிகம் ஆகும். காபி வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஏற்றி முடித்ததும் கணக்குப்பிள்ளை ஐயா சிட்டையைப் புரட்டி, தனக்குத் தோன்றிய மூன்று பில்களின் எண்களைச் சொல்வார். நான் தொகையைப் படிக்க, அவர் பென்சிலால் குறி போடுவார்.

முதல் முறை அவர் சொன்ன இரண்டு பில்கள் பைசா பிசகாமல் பொருந்தின. மூன்றாவது பில் நகலில் இல்லவே இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிட்டையை மறுபடி பார்த்துவிட்டு, "இது சாயங்காலம் போட்டது தம்பி, விருதுநகர் பார்ட்டி" என்றார். நகல் இரண்டரை மணிக்கு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகான வியாபாரம் அதில் இருக்காது. "அப்ப சாயங்காலம் மிஷின் போச்சுன்னா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பைனரி லாக்கை நான் கையில் எடுத்தேன். மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பில் அது இயல்பாகவே இயங்கிக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதி, 30 நாள் வரை வைத்திருக்கிறது. நகல் எடுக்கும்போது அந்தப் பதிவேட்டில் எந்த இடத்தில் நின்றோம் என்பதைச் சோர்ஸ்-டேட்டா என்ற தெரிவு குறித்துவைக்கும். மீட்கும்போது அந்த இடத்திலிருந்து தொடர்ந்து ஏற்றிக்கொள்ளலாம். இப்போது கால் மணிக்கு ஒருமுறை அந்தப் பதிவுகள் வெளி டிஸ்க்குக்குப் போகின்றன. கணக்குப்பிள்ளை ஐயா அதன் பிறகு மூன்றாவது எண்ணாக எப்போதும், முந்தைய நாள் கடை சாத்துவதற்குச் சற்று முன்னால் போட்ட பில்லையே கேட்கிறார்.